கலக்கும் பாத்திரத்துட் கொந்தளிப்பு: அளவீடும் மாதிரியுருவும்

கலக்குதல் மிக எளிய தொழில் என்றே எவரும் எண்ணுவர். தேநீரிற் சீனியைக் கரண்டியாற் கலக்குவதும், தயிரை மத்தினாற் கடைவதும், கூழைத் துடுப்பினாற் துழாவுவதும் மனைதோறும் நாள்தோறும் நிகழ்வன. ஆயினும், ஒரு பொருள் மற்றொன்றுடன் 'நன்றாகக் கலந்துவிட்டது' என்று எப்பொழுது கூறலாம்? கண்ணுக்கு ஒரே நிறமாய்த் தோன்றினாற் போதுமா? நாவுக்கு ஒரே சுவையாய் இருந்தாற் போதுமா? அன்றி, ஒன்றன் மூலக்கூறு மற்றொன்றன் மூலக்கூற்றை அடுத்து நிற்குமளவும் கலத்தல் முற்றுப்பெறவில்லை என்று கொள்ளவேண்டுமா? அடுக்களையில் இவ்வினா எழுவதில்லை. இரசாயனத் தொழிற்சாலையிலோ இவ்வினாவின் விடையிலேதான் பொருளின் தூய்மையும், உற்பத்தியின் செலவும், சில வேளைகளில் அயலூராரின் நலமும் தங்கியுள்ளன.

மருந்து, சாயம், பூச்சுமை, பல்பகுதியப் பொருள்கள் ஆகியவற்றுள் மிகப் பல கலக்கப்படும் தாக்கப் பாத்திரங்களிலேயே ஆக்கப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெருந்தொகையாக ஆக்க வழிகண்டதும் இத்தகைய பாத்திரமே. 1944 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் பைசர் நிறுவனம் ஆழ்தொட்டிகளில் பெனிசிலினை ஆக்கத் தொடங்கியது. பூஞ்சணம் வளர்வதற்கு வேண்டிய காற்றைக் கீழிருந்து செலுத்தி, சுழலும் கலக்கியினால் அதனை நுண்குமிழிகளாக்கித் தொட்டியெங்கும் பரப்பினாலன்றி அம்முறை கைகூடியிராது. ஆழமற்ற தட்டுக்களிலும் போத்தல்களிலும் துளித்துளியாகக் கிடைத்த மருந்து, கலக்கும் தொட்டியினாலே படைமருத்துவமனைகளுக்குப் போதுமான அளவிற் கிடைத்தது.

இத்துணைப் பயன்படும் பாத்திரத்தினுள் நிகழும் ஓட்டத்தை நாம் எவ்வாறு அளக்கின்றோம், எவ்வாறு கணிக்கின்றோம், அளவையும் கணிப்பையும் எத்துணை நம்பலாம் என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

பாத்திரமும் கலக்கியும்

ஆய்வாளர் பெரிதும் ஆராய்ந்த பாத்திரத்தின் அமைப்பு மிக எளியது. அஃது ஓர் உருளை. திரவத்தின் ஆழம் உருளையின் விட்டத்துக்குச் சமம். நடுவே ஒரு தண்டு. தண்டின் முனையிற் கலக்கி. கலக்கியின் விட்டம் பாத்திர விட்டத்தின் மூன்றில் ஒன்று. ஒரு வட்டத்தட்டும் அதன் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் ஆறு தட்டையான தகடுகளும் கொண்ட கலக்கி 'றஷ்ரன் சுழலி' எனப்படும். கலக்கிகள் உட்கொள்ளும் வலுவைப்பற்றி றஷ்ரன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரும் அவருடன் உழைத்தோரும் 1950 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

பாத்திரத்தின் உட்சுவரில், விட்டத்திற் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நான்கு தடுப்புத் தகடுகள் நெடுக்காகப் பொருத்தப்படும். இவற்றின் பயன் யாது? தடுப்பில்லாத பாத்திரத்திற் கலக்கியைச் சுழற்றினால் திரவம் முழுவதும் ஒரே திரளாய் உடன் சுழலும், நடுவே குழிவிழும். உடன் சுழல்வன ஒன்றோடொன்று கலப்பதில்லை. தடுப்புத் தகடுகள் அச்சுழற்சியை முறித்து, திரவத்தை மேலும் கீழும் செலுத்துகின்றன. நம் முன்னோர் தயிர் கடைந்த மத்து இதே இடர்ப்பாட்டை வேறொரு வழியால் வென்றது. கடைகயிற்றின் இரு தலைப்புகளையும் மாறிமாறி இழுக்கும்போது மத்து ஒரு முறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கின்றது. ஆதலின் தயிர் ஒரே திசையில் உடன் சுழல வாய்ப்புப் பெறுவதில்லை. தடுப்புத் தகடு சுவரில் நின்று செய்வதனைக் கயிறு கையில் நின்று செய்தது என்க.

இக்கட்டுரை முழுவதும் ஒரே பாத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் விட்டம் 30 சென்ரிமீற்றர். ஆகவே அது ஏறக்குறைய 21 லீற்றர் நீர் கொள்ளும். அதனுள் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள றஷ்ரன் சுழலி செக்கனுக்கு 5 முறை, அஃதாவது நிமிடத்துக்கு 300 முறை, சுழல்கின்றது.

ஒழுங்கும் கொந்தளிப்பும்

பாய்பொருளின் ஓட்டம் இருவகைத்து. ஒன்றில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பாது வழுக்கிச் செல்லும். மற்றொன்றில் எத்திசையிலும் சுழிகள் எழுந்து மறையும். முன்னது அடுக்கோட்டம், பின்னது கொந்தளிப்போட்டம். இவ்விரண்டின் வேறுபாட்டை மான்செஸ்ரர் நகரில் ஒவன்ஸ் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் 1883 இல் தெளிவாகக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் நிறமூட்டிய நீரை நூலிழைபோற் செலுத்தினார். வேகம் குறைந்திருக்கும்போது அவ்விழை முறியாது நெடுஞ்செல்ல, வேகம் ஓரெல்லையைக் கடந்தவுடன் அது சிதறிக் குழாய் முழுவதும் நிறம் பரவிற்று. அவர் கையாண்ட கருவி மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இன்றும் பேணப்படுகின்றது.

எல்லையைக் குறிப்பது வேகம் மட்டுமன்று. வேகம், நீளம், அடர்த்தி ஆகிய மூன்றையும் பெருக்கிப் பிசுக்குமையாற் பிரிக்க வரும் எண்ணே அதனைத் தீர்மானிக்கும். அவ்வெண் றெயினோல்ட்ஸ் எண் எனப்படும். கலக்கும் பாத்திரத்துக்கு அதனைக் காண வேண்டின், செக்கனுக்குரிய சுழற்சி எண்ணைக் கலக்கி விட்டத்தின் வர்க்கத்தாலும் அடர்த்தியாலும் பெருக்கிப் பிசுக்குமையாற் பிரித்தல் வேண்டும். நமது பாத்திரத்தில் நீர் இருப்பின் இவ்வெண் 50,000. அதே பாத்திரத்தில் நீரிலும் 10,000 மடங்கு பிசுக்குமையும் 1.4 மடங்கு அடர்த்தியுமுள்ள தேன் போன்ற பொருளை வார்த்தால் இவ்வெண் வெறும் 7. பொதுவாக 10 இற்குக் கீழ் அடுக்கோட்டமும் 10,000 இற்கு மேல் முழுக் கொந்தளிப்பும் நிகழும் என்பர். ஆகவே ஒரே கலக்கி, ஒரே வேகம். எனினும் நீரில் நிகழ்வது வேறு, தேனில் நிகழ்வது வேறு.

முழுக் கொந்தளிப்பில் ஒரு வசதியுண்டு. கலக்கி உட்கொள்ளும் வலு, அடர்த்தியையும் சுழற்சி எண்ணின் கனத்தையும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையும் பெருக்கி வரும் தொகையின் மாறா மடங்காக அமைகின்றது. அம்மடங்கு வலு எண் எனப்படும். றஷ்ரன் சுழலிக்கு அது ஏறக்குறைய 5. இதன்படி நமது கலக்கி உட்கொள்வது 6 உவாற்றுக்குச் சற்று அதிகம். ஒரு கிலோகிராம் நீருக்கு அது 0.3 உவாற்று ஆகும். இச்சிறு தொகை கொந்தளிப்பின் நுட்பமெல்லாவற்றையும் தன்னுள் அடக்கியுள்ளது. அஃது எவ்வாறென இனிக் காண்போம்.

பெருஞ்சுழியிலிருந்து நுண்சுழிக்கு

கலக்கி தரும் சக்தி முதலிற் பெருஞ்சுழிகளை எழுப்புகின்றது. இவற்றின் அளவு கலக்கித் தகட்டின் அளவினை ஒத்தது. பெருஞ்சுழிகள் நிலையாமல் உடைந்து சிறு சுழிகளாகின்றன. அவை மேலும் உடைந்து அவற்றினுஞ் சிறியனவாகின்றன. சுழி சிறுக்கச் சிறுக்கப் பிசுக்குமையின் பிடி வலுக்கும். ஈற்றில் ஓரளவுக்குக் கீழ்ச் சுழி எதுவும் நிலைக்காது. இயக்கச்சக்தி முழுவதும் வெப்பமாய்க் கழிந்துவிடும். மேல்நின்று கீழாகப் படிப்படியாய்ச் சக்தி இறங்கும் இக்கருத்தை 1922 இல் வானிலைக் கணிப்புப்பற்றித் தாம் எழுதிய நூலில் றிச்சேட்சன் கூறினார். அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தவர் உருசிய நாட்டுக் கணித அறிஞர் கொல்மகோறொவ். மிகச் சிறிய சுழியின் அளவு பிசுக்குமையையும், ஒரு கிலோகிராமுக்குக் கழியும் வலுவையும் மட்டுமே பொறுத்தது என்பதை அவர் 1941 இல் நிறுவினார்.

அவர் விதியின்படி நமது பாத்திரத்தின் மிகச் சிறிய சுழி சராசரியாக 0.043 மில்லிமீற்றர் அளவினது. ஒரு தலைமயிரின் தடிப்பினும் சிறிது. கலக்கித் தகட்டின் அருகே சக்தி கழியும் வீதம் சராசரியின் பல பத்து மடங்காக இருக்கும். அங்கே சுழிகள் இன்னும் சிறியன. மேற்பரப்பின் அருகிலோ வீதம் சராசரியிலும் மிகக் குறைவு, சுழிகளும் பெரியன. எனவே '0.3 உவாற்று' என்னும் சராசரி பாத்திரத்தின் எவ்விடத்துக்கும் முற்றாகப் பொருந்துவதன்று. கடையாமம் எரியும் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் ஒரே வெளிச்சம் என்று கூறுவாரைப் போலாவோம், அச்சராசரியை எங்கும் பொருத்துவோமாயின்.

இந்நுண்மை ஏன் வேண்டற்பாலது? மூலக்கூறுகள் தாமே பரவிக் கலக்கும் வேகம் திரவங்களில் மிகக் குறைவு. பொதுவான கரையமொன்று நீரில் 1 சென்ரிமீற்றர் தூரம் பரவ ஏறக்குறைய 28 மணி நேரம் வேண்டும். 1 மில்லிமீற்றர் பரவ 1,000 செக்கன், அஃதாவது 17 நிமிடம் ஆகும். நமது பாத்திரத்தின் நுண்சுழி அளவுக்கு வந்துவிட்டாலோ 2 செக்கன் போதும். நுண்சுழிக்குள்ளும் திரவத் தாள்கள் இழுபட்டும் மடிந்தும் மேலும் மெலிவதால் உண்மையில் அதற்கும் குறைந்த நேரமே செல்லும். தூரம் பத்திலொன்றாகக் குறையக் காலம் நூறிலொன்றாகக் குறைகின்றது. ஆகவே கொந்தளிப்பு தானே மூலக்கூறுகளைக் கலப்பதில்லை. அவை கடக்கவேண்டிய தூரத்தையே குறைத்துக் கொடுக்கின்றது.

இதனாற் கலத்தலைப் பல படிகளாகப் பிரித்துணர்தல் வேண்டும். பாத்திரம் முழுவதும் பொருள் சென்று பரவுதல் பெருங்கலப்பு. நமது பாத்திரத்தில் இதற்குக் கலக்கி ஏறக்குறைய 28 முறை சுழலவேண்டும். காலம் 6 செக்கனுக்குச் சற்றுக் குறைவு. நுண்சுழிகள் அயல்திரவத்தை உள்ளிழுத்து மூலக்கூற்றளவிற் கலத்தல் நுண்கலப்பு. அதன் காலம் சராசரியாக ஒரு செக்கனின் 30 இல் ஒரு பங்கு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் தாக்கம் இதனினும் மிக விரைவாக முடிவது. விரைந்த தாக்கத்தை ஆள்வது இரசாயனமன்று, கலப்பே ஆளும்.

இரசாயனமே அளவுகோல்

கண்ணுக்குத் தெரியாத நுண்கலப்பை அளப்பது எங்ஙனம்? சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் போண் என்பாரும் அவருடைய குழுவினரும் ஓர் அழகிய வழி கண்டனர். 1-நத்தோலுடன் ஈரசோவாக்கிய சல்பனிலிக் அமிலம் தாக்கமுற்று ஒரு சாயத்தைத் தரும். இம்முதற்றாக்கம் மிக விரைவானது. உண்டான சாயம் அவ்வமிலத்துடன் மறுபடியும் தாக்கமுற்று இரண்டாஞ் சாயமாகும்; இது முன்னையதிலும் மெதுவானது. நத்தோல் நிறைந்த பாத்திரத்துள் அமிலத்தைச் சிறு குழாயினாற் சிறிது சிறிதாகச் செலுத்தினால், கலத்தல் உடனே நிகழுமிடத்து அமிலம் முழுவதும் நத்தோலைக் கண்டு முதற்சாயமே விளையும். கலத்தல் தாழ்க்குமிடத்து, வந்த அமிலம் தன்னாலே முன்பு விளைந்த சாயத்தின் நடுவே தங்கி நின்று இரண்டாஞ் சாயத்தை ஆக்கும். இரு சாயங்களும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவன ஆதலின், இறுதியிற் கிடைக்கும் கரைசலை ஒளிமானியில் வைத்து நோக்கி, நுண்கலப்பு எத்துணை விரைவாக நிகழ்ந்தது என்று கணக்கிடலாம்.

பிரான்சின் நான்சி நகர ஆய்வாளர், அயடைட்டும் அயடேற்றும் அமிலத்துடன் கூடி அயடீனை விடுவிக்கும் தாக்கத்தை இதே நோக்கத்துக்குப் பயன்படுத்தினர். அங்கே அமிலத்தைப் போரேற்றுக் காரம் கணப்பொழுதில் நடுநிலையாக்கிவிடும். கலத்தல் தாழ்த்தால் மட்டுமே அமிலம் எஞ்சி நின்று அயடீனை விடுவிக்கும். அயடீன் எத்துணை மிகுமோ அத்துணைக் கலப்புக் குறைவு.

இவ்வாய்வுகளின் உட்கிடை பெரிது. ஒரே பொருள்கள், ஒரே விகிதம், ஒரே வெப்பநிலை. கலக்கியின் வேகத்தை மாற்றினாலும் அமிலக் குழாயின் வாயை இடம் மாற்றினாலும் விளைபொருள் மாறுகின்றது. மேற்பரப்பில் ஊற்றினால் வேண்டாத பொருள் மிகும். கலக்கித் தகட்டின் அருகே செலுத்தினாற் குறையும். மருந்து ஆக்குவோருக்கு அவ்வேண்டாப் பொருள் வெறும் நட்டமன்று. நோயாளி உட்கொள்ளும் மாசாகவும் அமையலாம். சமையற்குறிப்பில் 'கலக்குக' என்றெழுதினாற் போதும். இரசாயனப் பொறியியலாளர் எங்கே, எத்துணை விரைவில் என்பவற்றையும் எழுதவேண்டியவராவர்.

கண்ணாடிக்குள் ஒளி

ஓட்டத்தின் வேகத்தை அளப்பதிலும் இடர்கள் பலவுள. முற்காலத்தில் நுண்குழாய்களையும் சூடேறிய நுண்கம்பிகளையும் திரவத்துள் இறக்கி அளந்தனர். அளக்கும் கருவியே ஓட்டத்தைக் குலைத்துவிடும் குறை அவற்றில் இருந்தது. 1964 இல் ஈ, கமின்ஸ் என்னும் இருவர், லேசர் ஒளியினால் எதனையும் தொடாது பாய்பொருளின் வேகத்தை அளக்கலாம் என்று காட்டினர். இன்று வழங்கும் முறையில் இரு லேசர்க் கற்றைகள் ஒரு புள்ளியில் வெட்டுகின்றன. அங்கே ஒளியும் இருளும் மாறிமாறி நிற்கும் நுண்கோடுகள் உண்டாகும். திரவத்திற் கலந்துள்ள நுண்டுணிக்கை அக்கோடுகளைக் கடக்கும்போது மின்னி மின்னி ஒளிவிடும். மின்னலின் மீடிறனைக் கோட்டிடைத் தூரத்தாற் பெருக்க வேகம் கிடைக்கும். இதுவே லேசர் டொப்ளர் முறை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இம்முறையாற் கலக்கும் பாத்திரங்களை அளந்து 1987 இல் வெளியிட்ட ஆய்வு பிற்காலக் கணிப்புகளுக்கு உரைகல்லாயிற்று. அதற்கு முன்னரே, 1975 இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகர ஆய்வாளர் இருவர் றஷ்ரன் சுழலியின் ஒவ்வொரு தகட்டின் பின்னும் ஒரு சோடிச் சுழிகள் வால்போல் நீண்டு செல்வதனை விளக்கியிருந்தனர். தட்டுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக எழும் இச்சுழிகளே கொந்தளிப்பின் ஊற்று.

டொப்ளர் முறை ஒரு சமயத்தில் ஒரு புள்ளியையே அளக்கும். 1980 களில் வளர்ந்த துணிக்கைப் படிம முறையோ ஒரு தளம் முழுவதனையும் ஒருங்கே அளக்கின்றது. லேசர் ஒளி தாள்போல விரிக்கப்பட்டு, மிகக் குறுகிய இடைவெளியில் இருமுறை பாய்ச்சப்படும். ஒவ்வொரு முறையும் துணிக்கைகள் படம் பிடிக்கப்படும். இடைவெளி ஒரு செக்கனின் 5,000 இல் ஒரு பங்கு என்க. செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகமுள்ள துணிக்கை அதற்குள் 0.3 மில்லிமீற்றர் நகரும். இரு படங்களையும் ஒப்பிட்டு நகர்ந்த தூரத்தைக் காலத்தாற் பிரிக்க ஒவ்வோரிடத்தும் வேகமும் திசையும் வெளிப்படும். உருளைக் கண்ணாடி ஒளியைக் கோணச் செய்யும் ஆதலால், பாத்திரத்தை நீர் நிறைந்த சதுரக் கண்ணாடித் தொட்டியினுள் வைத்து அளப்பது வழக்கம்.

ஒளிபுகாத கலவைகளையும் உருக்குப் பாத்திரங்களையும் என் செய்வது? பேமிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஒரு முறையில், பொசித்திரனை உமிழும் துணிக்கை ஒன்று திரவத்துள் விடப்படும். பொசித்திரன் இலத்திரனுடன் கூடி அழியும்போது இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிற் புறப்படும். வெளியே நிற்கும் உணர்கருவிகள் அக்கதிர்களைப் பற்றித் துணிக்கையின் இருப்பிடத்தைக் கணிக்கும். உருக்குச் சுவரும் இதற்குத் தடையாகாது.

கருவி நுண்ணியதாயினும் இரு பிழைகள் விழிப்பில்லாதாரை ஏமாற்றும். முதலாவது, தகடுகளின் ஒழுங்கான வீச்சைக் கொந்தளிப்பாகக் கருதுதல். ஆறு தகடுகள் செக்கனுக்கு 5 முறை சுழன்றால் ஓரிடத்தைச் செக்கனுக்கு 30 முறை தகடு கடக்கும். அவ்வேக ஏற்றத்தாழ்வு தாளந் தவறாதது, கொந்தளிப்பன்று. தகட்டின் நிலையறிந்து அதனைக் கழித்தாலன்றிக் கொந்தளிப்பு மிகையாகத் தோன்றும். இரண்டாவது, கருவியின் கண்ணளவு. 1 மில்லிமீற்றர்ச் சதுரத்துக்கு ஒரு வேகம் என்று அளக்கும் கருவி 0.043 மில்லிமீற்றர்ச் சுழியைக் காணாது. சக்தி பெரிதும் கழிவதோ அச்சிறு சுழிகளிலே. ஆகவே சக்திக் கழிவைக் கருவி குறைத்தே காட்டும். கண்ணி பெரிதான வலையில் நெத்தலி அகப்படாமையால் அக்கடலில் நெத்தலி இல்லையென்று கூறலாகாது அன்றோ?

சமன்பாடும் கணினியும்

இனிக் கணிப்பை நோக்குவாம். பாய்பொருளின் இயக்கத்தை ஆளும் சமன்பாடுகள் புதியனவல்ல. 1822 இல் நாவியேயும் 1845 இல் ஸ்ரோக்சும் அவற்றைத் தந்தனர். சமன்பாடு தெரிந்தபின் தீர்ப்பதற்கு யாது தடை? எண்ணிக்கையே தடை. நமது 21 லீற்றர்ப் பாத்திரத்தை 0.043 மில்லிமீற்றர்ப் பக்கமுள்ள கனங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய 27,000 கோடி கனங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் வேகத்தின் மூன்று கூறுகளையும் அமுக்கத்தையும் கணமும் கணிக்கவேண்டும். இது கைக்கொள்ளத்தக்க சிறு பாத்திரம். தொழிற்சாலைத் தொட்டியோ இதனினும் ஆயிரம் மடங்கு பெரிது.

இதற்கு றெயினோல்ட்ஸ் 1895 இல் ஒரு வழி காட்டினார். வேகத்தைச் சராசரியென்றும் அதன்மேல் எழும் ஏற்றத்தாழ்வென்றும் இரண்டாகப் பிரித்து, சராசரிக்கு மட்டும் சமன்பாடு எழுதுதல் அவ்வழி. ஆயின் ஏற்றத்தாழ்வுகளின் பெருக்கம் சராசரிச் சமன்பாட்டில் எஞ்சி நிற்கின்றது; அறியப்படாதவை சமன்பாடுகளிலும் மிகுந்துவிடுகின்றன. அவ்விடைவெளியை அடைப்பதற்கு ஓர் எடுகோள் வேண்டும். அவ்வெடுகோளே மாதிரியுரு எனப்படுவது. கொந்தளிப்புச் சுழிகள் பிசுக்குமையை மிகுவித்தாற்போலத் தொழிற்படுகின்றன என்ற பூசினெஸ்கின் 1877 ஆம் ஆண்டுக் கருத்து இதற்கு அடிப்படை. அதனை வளர்த்து, லோண்டரும் ஸ்போல்டிங்கும் 1970 களிற் பரப்பிய கே-எப்சிலன் மாதிரியுரு, கொந்தளிப்பின் இயக்கச்சக்தி ஒன்று, அது கழியும் வீதம் மற்றொன்று என இரண்டனையே கணித்துச் சுழிப்பிசுக்குமையைத் தருகின்றது. கணினிக்கு இது சிறுசுமை. ஆதலின் தொழில்முறைக் கணிப்பில் இன்றும் பெருவழக்குடையது.

ஆயின் இம்மாதிரியுரு, கொந்தளிப்பு எத்திசையிலும் ஒரு தன்மைத்து என்று கொள்கின்றது. கலக்கித் தகட்டின் பின்னே வால்போல நீளும் சுழிகளில் அக்கொள்கை பொருந்தாது. சராசரி ஓட்டத்தை நன்கு கணித்துவிட்டு, கொந்தளிப்பின் சக்தியைக் கலக்கியருகே அது குறைத்துக் கணிப்பதனை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். எங்கே நுண்கலப்பு மிக வேண்டுமோ அங்கேயே மாதிரியுரு தடுமாறுகின்றது.

மற்றொரு வழி, பெருஞ்சுழிகளை உள்ளவாறே கணித்துச் சிறுசுழிகளுக்கு மட்டும் எடுகோள் கொள்ளுதல். வானிலை ஆய்வுக்காக ஸ்மகொறின்ஸ்கி 1963 இல் வகுத்த இம்முறையை 1990 களில் டெல்ஃப்ற் நகரத்தார் கலக்கும் பாத்திரத்துக்குப் பயன்படுத்தி, வாற்சுழிகளைக் கணினியில் எழச்செய்தனர். சிறுசுழிகள் எங்கும் ஏறக்குறைய ஒரு தன்மையன ஆதலின் அங்கே எடுகோளால் வரும் பிழை குறைவு. அதற்குரிய விலை கணினியின் நெடிய உழைப்பு.

இனி, கணிப்பு மெய்யா என்று அறிவது எவ்வாறு? லேசர் அளவீட்டுடன் ஒப்பிடுதல் ஒரு வழி. அதனினும் எளிய சோதனை ஒன்றுண்டு. பாத்திரமெங்கும் கழியும் சக்தியைக் கூட்டினால் அது கலக்கித் தண்டு தந்த வலுவுக்குச் சமனாதல் வேண்டும். தண்டின் முறுக்கத்தை அளந்து சுழற்சி வேகத்தாற் பெருக்க அவ்வலு தெரியவரும். நமது பாத்திரத்துக்கு அது 6 உவாற்றுக்குச் சற்று அதிகம் எனக் கண்டோம். வண்ணப் படங்களுடன் வரும் கணினி விடை 4 உவாற்றுக்கே கணக்குக் காட்டுமாயின், எஞ்சிய 2 உவாற்று எங்கே என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. லேசர்ப் படிமத்தையும் அதே கேள்வி கேட்கலாம். வரவுக்குச் செலவு ஒவ்வாத கணக்கை எக்கணக்கரும் ஏற்பதில்லை.

சிறியதைப் பெரிதாக்கல்

ஆய்வுகூடத்திற் சிறந்து விளங்கிய தாக்கம் தொழிற்சாலையிற் சீர்கெடுவதேன் என்பதையும் இவ்வெண்கள் விளக்கும். நமது பாத்திரத்தின் நீளங்கள் யாவற்றையும் 10 மடங்காக்குவோம். கனவளவு 1,000 மடங்காகும். சுழற்சி வேகத்தை மாற்றாதிருந்தாற் பெருங்கலப்பின் காலம் மாறாது. ஆனால் வலு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கால் வளர்வதாகையால் 1,00,000 மடங்காகும். 6 உவாற்று வேண்டிய இடத்தில் 600 கிலோவாற்றுக்கு மேல் வேண்டும். இதனை எவரும் தாங்கார். அன்றி, ஒரு கிலோகிராமுக்குரிய வலுவை மாற்றாதிருந்தால், சுழற்சி வேகம் செக்கனுக்கு 5 இலிருந்து ஏறக்குறைய 1 ஆகக் குறையும். நுண்கலப்பின் காலம் முன்போலவே நிற்கும். பெருங்கலப்பின் காலமோ 6 செக்கனிலிருந்து 26 செக்கனாக நீளும். ஒன்றைப் பேணினால் மற்றொன்று கைநழுவும். இரண்டையும் ஒருங்கே பேணல் இயலாது. எதனைப் பேணுவது என்பதை அத்தாக்கத்தின் இயல்பறிந்தே தீர்மானித்தல் வேண்டும்.

வெப்பத்தின் நிலை இன்னும் இக்கட்டானது. கனவளவு 1,000 மடங்காகும்போது, வெப்பத்தை வெளியேற்றும் சுவர்ப்பரப்பு 100 மடங்கே ஆகின்றது. ஒவ்வொரு லீற்றருக்கும் உரிய சுவர் பத்தில் ஒன்றாகச் சுருங்குகின்றது. வெப்பத்தைச் சுவருக்குக் கொண்டு சேர்ப்பதும் ஓட்டமே. அவ்வோட்டம் நின்றால் என்ன நிகழும்?

செவேசோ கற்பித்தது

1976 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி, சனிக்கிழமை, இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே உள்ள ஒரு தொழிற்சாலையில் இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அங்கே திரைகுளோரோபீனோல் ஆக்கும் தாக்கப் பாத்திரத்தின் வேலை வாரவிடுமுறைக்காக இடையில் நிறுத்தப்பட்டது. கொதிநீராவி நிறுத்தப்பட்டது, சிறிது நேரத்திற் கலக்கியும் நிறுத்தப்பட்டது. அப்பொழுது திரவத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 158 பாகை செல்சியசு. கட்டுமீறிய தாக்கம் தொடங்கும் என அந்நாளில் அறியப்பட்டிருந்த வெப்பநிலையினும் அது மிகக் குறைவு. ஆகவே அச்சத்துக்கு இடமில்லை என்றே தோன்றிற்று.

ஆனால் 158 பாகை என்பது பாத்திரத்துக்கு ஒரே எண். பின்னர் ஆராய்ந்தோர் கண்ட விளக்கம் வருமாறு: திரவ மட்டத்துக்கு மேலிருந்த சுவர், மிகச் சூடான நீராவியினால் முன்னரே காய்ந்திருந்தது. கலக்கி சுழலும்வரை அவ்வெப்பம் திரவமெங்கும் பகிரப்பட்டது. கலக்கி நின்றபின், மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படை மட்டும் அவ்வெப்பத்தை வாங்கிச் சூடேறிற்று. அப்படையில் தாக்கம் மெல்லத் தொடங்கி, தன் வெப்பத்தால் தானே விரைந்து, பல மணித்தியாலங்களின் பின் காப்புத்தட்டை உடைத்து வெளிப்பட்டது. வெளிவந்த முகிலில் டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. காற்று அதனைச் செவேசோ என்னும் ஊர்மீது கொண்டு சென்றது. 700 இற்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். சிறுவர் பலர் தோல்நோயுற்றனர். பல்லாயிரக்கணக்கான விலங்குகள் இறந்தும் கொல்லப்பட்டும் ஒழிந்தன. அவ்வூரின் பெயராலேயே ஐரோப்பிய நாடுகள் 1982 இல் தொழிற்சாலைக் காப்பு விதிகளை வகுத்தன.

அப்பாத்திரத்தில் எவரும் வேகமாகக் கலக்கித் தவறு செய்யவில்லை. கலக்காது விட்டதே கேடாயிற்று. பாத்திரம் முழுவதுக்கும் ஒரு வெப்பநிலை என்னும் எண்ணம், கலக்கி சுழலும்வரை மட்டுமே மெய். அது நின்ற கணமே ஒரு பாத்திரம் பல பாத்திரங்களாகிவிடுகின்றது. வெப்பமானி இருக்குமிடத்து நிலையை மட்டும் அது கூறும், மற்றை இடங்களின் நிலையைக் கூறாது.

முடிவுரை

ஆகவே இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? கலக்கும் பாத்திரத்தில் ஒரு சராசரி எண் போதாது. வலுவும், வெப்பமும், செறிவும் இடத்துக்கிடம் வேறுபடுவன. அவ்வேறுபாடு எத்தனை சிறிய தூரத்தில், எத்தனை குறுகிய காலத்தில் அழிகின்றது என்பதே விளைவைத் தீர்மானிக்கின்றது. அளவீடு மெய்யிலிருந்து புறப்படுகின்றது. ஆயினும் அதன் கண்ணுக்குப் புலப்படாத நுண்மையுண்டு. மாதிரியுரு எவ்விடத்தையும் எட்டுகின்றது. ஆயினும் எடுகோள் என்னும் ஊன்றுகோலின்றி அது நடவாது. ஒன்று விட்டதை மற்றொன்றாற் பிடித்து, இரண்டையும் கலக்கித்தண்டு தந்த வலுவென்னும் கணக்கில் வைத்துச் சரிபார்ப்பதே அறிஞர் கைக்கொள்ளும் முறை.

விஞ்ஞான வகுப்பில் முகவையில் இரு கரைசல்களை வார்த்துக் கண்ணாடிக் கோலாற் கலக்கும் மாணவர், அக்கோல் எழுப்பும் சுழிகளை ஒருகணம் நின்று நோக்குவாராக. ஒரு துளி நிறத்தைச் சுவரோரத்தில் இட்டும், கோலின் அருகே இட்டும், அது மறையும் நேரத்தை மணிக்கூட்டால் அளந்து பார்ப்பாராக. பெருஞ்செலவில்லாத இச்சோதனை, இலட்சக்கணக்கான லீற்றர்த் தொட்டிகளை ஆள்வோர் கேட்கும் வினாவையே கேட்கின்றது.